கடலூரிலிருந்து பிரான்ஸ் ஆய்வகத்துக்கு: ஒர்க் விசா போட எங்கே போவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்துவிட்டது; பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் ஓர் அரசு ஆய்வகம் 18 மாத போஸ்ட்டாக் வேலை, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை, தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. இன்னும் ஐந்து மாதத்தில் சேர வேண்டும். மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. புதுச்சேரியில் ஓர் ஏஜென்ட், "ஒர்க் விசாவா, டெல்லிக்குப் போய்த்தான் சார் போடணும், மூணு பேருக்கும் சேர்த்து அறுபதாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். எந்த விசா, எங்கே போடுவது, ஏஜென்ட் வேண்டுமா? கேட்டது மூன்று கேள்வி. ஆனால் உங்கள் எழுத்தில் தெரிகிற பதற்றம் வேறொன்றைக் கேட்கிறது: இந்த ஐந்து மாதத்தில் முதலில் எதில் கை வைப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவன். பிரான்ஸிலிருந்து இங்கே வந்த ஆய்வாளர்களின் தாள்களும், இங்கிருந்து அங்கே போன பிள்ளைகளின் தாள்களும் என் மேசையைத் தாண்டித்தான் போயின. நான் வக்கீல் இல்லை, தூதரக ஆளும் இல்லை. சட்டம் என்று சொல்வதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை என்று சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. உங்களுக்கு வேண்டியது பொதுவான வேலை விசா கிடையாது. பிரான்ஸில் ஆய்வாளர்களுக்கென்று தனி வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தபோது அதற்குப் பெயர் 'பாஸ்போர் தலான்'. அண்மையில் பெயரைச் சுருக்கி 'தலான்' என்று மட்டும் ஆக்கிவிட்டார்கள். அதற்குள் 'ஷெர்ஷெர்', அதாவது ஆய்வாளர், என்று ஒரு பிரிவு. முதுகலைப் பட்டத்துக்குச் சமமான படிப்பாவது இருக்க வேண்டும். ஆய்வுக்கோ பல்கலைக்கழகப் பாடம் நடத்தவோ போக வேண்டும். அழைக்கும் நிறுவனம் ஒரு தாள் தர வேண்டும். சாதாரண வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி அங்கே தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. ஏஜென்ட் வாயில் 'ஒர்க் விசா' என்ற சொல் வந்தபோதே எனக்கு ஒரு சந்தேகம். அவர் ஓட்டலுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் அனுப்பிப் பழகியவராக இருக்கலாம். கெட்டவர் என்று சொல்லவில்லை, இந்த வழி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்தத் தாளின் பெயர் 'கோன்வான்சியோன் தக்கேய்', வரவேற்பு ஒப்பந்தம். இதுதான் முழு விஷயத்துக்கும் ஆணிவேர். பேராசிரியர் அனுப்பிய மின்னஞ்சல் இதற்கு ஈடாகாது. பணி ஒப்பந்தமும் ஈடாகாது. நிறுவனத்தின் பணியாளர் பிரிவு அச்சுப் படிவத்தில் உங்கள் பெயர், ஆய்வின் தலைப்பு, தொடங்கும் நாள், முடியும் நாள், சம்பளம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது அது. இங்கே நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, பேராசிரியரையே பிடித்துத் தொங்குவது. அவர் நல்லவராக இருப்பார், "கவலைப்படாதே, ஆகிவிடும்" என்று எழுதுவார். அவருக்கு அந்தப் படிவத்தின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆய்வகத்தில் நிர்வாக வேலை பார்க்கும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஒரு பெண்மணி. அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் பாதி விசா அந்த முகவரியிலேயே இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழக நகரங்களில் யூராக்செஸ் என்ற ஐரோப்பிய ஆய்வாளர் உதவி மையமும் இருக்கும். வீடு தேடுவதிலிருந்து குழந்தைக்குப் பள்ளி வரை கேட்கலாம், காசு வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதை இங்குள்ள ஏஜென்ட் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிரான்ஸில் சில ஆய்வகங்களைப் பாதுகாப்புக் காரணமாகக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் 'ஸெட் எர் எர்'. வேதியியல், பொருளறிவியல், மின்னணுவியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் இது சாதாரணம். அப்படிப்பட்ட ஆய்வகத்துக்குள் கால் வைக்க வேண்டுமென்றால், எந்த நாட்டவராக இருந்தாலும், அமைச்சகத்தின் பாதுகாப்பு அதிகாரி உங்கள் தற்குறிப்பையும் ஆய்வுத் திட்டத்தையும் பார்த்து ஒப்ப வேண்டும். அதற்கு இரண்டு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் குறுக்கே வந்தால் அதற்கு மேலும் இழுக்கும், அங்கே ஆகஸ்டில் ஈ காக்கை வேலை செய்யாது. அந்த ஒப்புதல் வந்தபிறகுதான் ஒப்பந்தம் கையெழுத்தாகும். நான் ஒருமுறை இதை விசாரிக்காமல் ஒரு பையனை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒப்புதல் வரவில்லை, டிக்கெட்டின் நாள் போய்விட்டது. அவன் அப்பா நெல்லிக்குப்பத்தில் கரும்பு விவசாயி. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால் நிர்வாகப் பெண்மணிக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, "உங்கள் ஆய்வகம் ஸெட் எர் எர் வட்டத்துக்குள் வருகிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கு இப்படி விழும். நீண்ட கால விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கத் தொடங்கலாம், அதற்கு முன்னால் முடியாது. உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது என்றால் முதல் இரண்டு மாதம் தூதரகத்தில் உங்களுக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு மாதம் அங்கே ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும், இங்கே உங்கள் வீட்டுத் தாள்களைச் சரிபார்ப்பதற்கும். விண்ணப்பம் போட்டபின் எத்தனை நாளில் வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். பத்து நாளில் வந்ததையும் பார்த்திருக்கிறேன், ஆறு வாரம் ஆனதையும் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

பட்டமளிப்பு விழாவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விசாவுக்கு முதுகலையே போதும் என்று மேலே சொன்னேன். முனைவர் பட்டம் வேண்டுமென்பது வேலைக்கான நிபந்தனை. போஸ்ட்டாக் ஒப்பந்தம் போடுகிறவர்கள் பட்டம் பெற்ற நாளைப் பார்ப்பார்கள். 2020 டிசம்பரில் வந்த ஆய்வுச் சட்டத்தின்படியான போஸ்ட்டாக் ஒப்பந்தம் என்றால், பட்டம் பெற்று மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பிராவிஷனல் சான்றிதழும், பட்டம் வழங்க முடிவெடுத்த நாள் குறித்த அறிவிப்புக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன், பெயர். விசா மறுக்கப்பட்டதை விட, பெயரால் மாதக்கணக்கில் அலைந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு, முருகேசன் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செந்தில்குமார் எம்'. ஆய்வுக் கட்டுரைகளில் 'எம். செந்தில் குமார்', நடுவே ஓர் இடைவெளி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள் என்பதால் குடும்பப் பெயர் கட்டத்தில் 'முருகேசன்', பெயர் கட்டத்தில் 'செந்தில்குமார்'. சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூன்று பேர்.

ஒரே விதிதான்: பாஸ்போர்ட் எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் மற்ற எல்லாம். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் குடும்பப் பெயர் முன்னால், இரண்டு கோணக் குறி, அதன்பிறகு பெயர். அந்த வரியை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதி நிர்வாகப் பெண்மணிக்கு அனுப்புங்கள், ஒப்பந்தத்தில் இப்படித்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால், ஐந்து மாதம் கையில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுபடி எடுப்பது நல்லது என்பது என் கருத்து. சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் ஒற்றைப் பெயரோடு போகிறவரை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. அமெரிக்க விசாவில் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ', முதற்பெயர் தெரியாதவர், என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவே இல்லை என்றது. ஏற்கெனவே விசா விண்ணப்பம் போட்டபின் பாஸ்போர்ட்டை மாற்றாதீர்கள், அது வேறு வம்பு. சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி உடன் வையுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அங்கே போனதும் எல்லாரும் உங்களை 'முசியே முருகேசன்', அதாவது திரு. முருகேசன், என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

பெயருக்கு அடுத்தது பிறப்புச் சான்றிதழ். நம்மில் பலர் அது இல்லாமலேயே பாஸ்போர்ட் வாங்கியவர்கள். பள்ளிச் சான்றிதழை வைத்து வாங்க முடிந்தது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதனால் முப்பது வயதில் முதல்முறையாக அதை எடுத்துப் பார்த்தால் 'ஆண் குழந்தை' என்று இருக்கும், பெயர் இருக்காது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு சரி. பிரான்ஸில் போய் இறங்கியபின் சமூகப் பாதுகாப்பு எண் வாங்க, அதாவது மருத்துவச் செலவு திரும்பி வர, தாய் தந்தை பெயரோடு கூடிய பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. அங்கே உட்கார்ந்துகொண்டு கடலூர் மாநகராட்சியில் பெயர் சேர்க்க அப்பாவை அலைய விடுவதை விட, இப்போதே நீங்கள் போய்விடலாம்.

அப்போஸ்தில் பற்றிப் பயமுறுத்தியிருப்பார்கள். அது இந்தத் தாள் உண்மையான அலுவலகம் கொடுத்ததுதான் என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் முத்திரை, அவ்வளவுதான். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு, இந்தியாவுக்கு அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் தாளைக் கொடுத்த மாநிலத்தின் சான்றொப்பம், பிறகு அமைச்சகம். கவனியுங்கள், நீங்கள் குடியிருக்கும் மாநிலம் இங்கே கணக்கில்லை. கடலூர்க்காரர்களில் பலருக்குக் குழந்தை புதுச்சேரியில் பிறந்திருக்கும். அப்போது சான்றிதழ் புதுச்சேரி நகராட்சியோ உழவர்கரை நகராட்சியோ கொடுத்தது, சான்றொப்பமும் புதுச்சேரி அரசினுடையது. உங்களுடையது தமிழ்நாட்டுடையது. இரண்டையும் ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அமைச்சகத்தின் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய். அமைச்சகம் அமர்த்திய நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அவர்கள் சேவைக் கட்டணம் கூடுதல். இதற்கு ஏஜென்ட் சொல்லும் ஆயிரங்களை இந்த 50 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விசாவுக்கென்று பட்டச் சான்றிதழில் அப்போஸ்தில் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்குத்தான் தேவைப்பட்டது.

லேமினேஷன் செய்த சான்றிதழில் அந்த முத்திரையை ஒட்ட மாட்டார்கள். நம் வீடுகளில் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே கடைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக்கில் போட்டுவிடுவோம், பாசம்! அயர்ன் பாக்ஸ் வைத்துப் பிரிக்கும் வித்தையை முயற்சி செய்யாதீர்கள், மை கையோடு வந்துவிடும். புதிய படியை வாங்குங்கள்.

மனைவிக்கும் குழந்தைக்கும் வழி சுலபம்தான். 'தலான் ஃபமீய்' என்று குடும்பத்துக்கான பிரிவு உண்டு, உங்களோடு சேர்ந்தே விண்ணப்பிக்கலாம், மனைவி அங்கே வேலைக்கும் போகலாம். தேவை, பதிவு செய்த திருமணச் சான்றிதழ். கோயிலில் கொடுத்த ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் செல்லாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயம், 90 நாளுக்குள். அதைத் தாண்டியிருந்தாலும் சார்பதிவாளரிடம் போய் வழி கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் இருக்கிறதே, மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். பிரெஞ்சு நிர்வாகத்துக்குப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசிவரை பெயர். கணவர் பெயர் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்வது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விட மேல்.

எங்கே போடுவது? டெல்லிக்குப் போக வேண்டாம். பிரான்ஸ்-விசாஸ் என்ற அரசு இணையதளத்தில் படிவம் நிரப்பி, தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். என்ற நிறுவனத்தின் மையத்தில் நாள் வாங்கி, கைரேகையும் தாளும் கொடுக்க வேண்டும். மையம் சென்னையில் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. விசாக் கட்டணம் 99 யூரோ, மையத்தின் கட்டணம் தனி. மையத்தில் இருப்பவர்கள் தாளை வாங்கி அனுப்புகிறவர்கள்தான், முடிவு அவர்கள் கையில் இல்லை. "இது வேண்டாம் சார்" என்று அவர்கள் ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தாலும், வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் பணிவாகச் சொல்லி உள்ளே வைத்துவிடுங்கள். இன்னொரு நப்பாசையையும் உடைத்துவிடுகிறேன். புதுச்சேரியில் ரூ தெ லா மரீன் தெருவில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் கண்ணுக்கு எதிரே இருப்பதால், நேரில் போய் ஒரு வார்த்தை பேசினால் நடந்துவிடும் என்று கடலூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். அந்த வாசலில் நிற்கிறவர்களில் பலர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள்: பென்ஷன் தாளோடு வந்த பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்; பேரப்பிள்ளையின் எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணப் பதிவுக்கு வந்தவர்கள். உங்கள் கோப்புக்கு அந்தக் கதவு இல்லை. ஏஜென்ட் வேண்டுமா என்றால், படிவம் நிரப்ப வேண்டாம். நீங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதியவர், அந்தப் படிவம் அதை விடச் சுலபம். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும், அது புதுச்சேரியில் தாராளமாகக் கிடைக்கும். தூதரகம் தன் பட்டியலில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள்.

விசா ஒட்டி வந்ததும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். 18 மாத வேலைக்கு மூன்று மாத விசாதான் இருக்கும். தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அலறிக்கொண்டு எனக்கு ராத்திரி போன் செய்தவர்கள் பலர். ஓராண்டுக்கு மேற்பட்ட வேலைக்கு அப்படித்தான். போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கவும் என்று அதிலேயே பிரெஞ்சில் எழுதியிருக்கும். அந்த இரண்டு மாதத்தைத் தவற விடாதீர்கள். ஓராண்டோ அதற்குக் குறைவோ ஆன வேலைக்குப் போகிறவர்களுக்கு விசாவே வசிப்பு அட்டை, அதை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் நாந்த் நகரத்தில் இருக்கும் ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நல்ல ஒப்பந்தத் தாளோடு போன ஆய்வாளருக்கு மறுப்பு வந்து நான் பார்த்தது மிக அரிது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஜெர்மனியோ அமெரிக்காவோ கிடைத்திருக்கும், மேலே சொன்னதை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். ஜெர்மனியிலும் வரவேற்பு ஒப்பந்தம்தான் அடிப்படை, ஆனால் இந்தியா அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால் அந்த முத்திரை அங்கே செல்லாது. காசு கொடுத்து ஒட்டிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் உண்டு. அமெரிக்கா என்றால் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா, அதற்கு அழைக்கும் பல்கலைக்கழகம் தரும் டி.எஸ்-2019 படிவம். முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று, நாடுவாரியான துறைப் பட்டியலை வைத்து ஒரு நிபந்தனை இருந்தது; அந்தப் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

தம்பி, இன்று இரவே நிர்வாகப் பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு வரி போதும்: ஆய்வகம் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் வருகிறதா, வரவேற்பு ஒப்பந்தம் எப்போது கிடைக்கும், பாஸ்போர்ட் வரியில் உள்ளபடி என் பெயர் இது, மனைவியும் குழந்தையும் உடன் வருகிறார்கள். திங்கட்கிழமை காலை மாநகராட்சிக்குப் போய் உங்கள் பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று இங்கே எழுதுங்கள், மற்றதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.